ஒரு நாளைக்கு ஒரு சாமான் காணும்

பள்ளிக்கூட லீவு விட்ட உடனை வாற கடிதங்களில முக்கால்வாசி "பிள்ளையளை எங்க கூட்டிக்கொண்டு போறது" எண்டுதான் இருக்கும், இந்தமுறை என்னவோ தெரியேல்ல கனபேர் மியூசியத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறியள். அதால இந்த மாசம் தலைமுடி கொட்டுறது, மாமியார், கணக்குப் பாடம் எல்லாத்தையும் ஒரு பக்கம் வச்சிட்டு மியூசியம் மட்டும் கதைப்பம்.

கேள்வி: அக்கா, போன கிழமை எங்கட 9 வயசு மகனையும் 6 வயசு மகளையும் கொழும்பு நஷனல் மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனம். டிக்கெட் எடுத்தாச்சு, எல்லாத்தையும் பாக்கவேணும் எண்டு இவர் ஒவ்வொரு போர்டா நிண்டு வாசிச்சார். அரை மணித்தியாலத்தில சின்னவள் நிலத்தில இருந்திட்டாள், மூத்தவன் "எல்லாம் உடைஞ்ச சிலைதானே" எண்டான். இவர் இப்ப "இனி இதுகளுக்கு மோல்தான் சரி" எண்டு நிக்கிறார். பிள்ளையளில பிழையா எங்களில பிழையா?
ஒரு அம்மா, வெள்ளவத்தை

பதில்: உங்கட ஆளில பிழை. கோவிக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, ஏனெண்டா நானும் அப்பிடித்தான் தொடங்கினனான். என்ர பெடியனுக்கு 7 வயசு இருக்கேக்க முதல்முதல் அங்க கூட்டிக்கொண்டு போய், குடுத்த காசு வீணாப் போகக்கூடாது எண்டு கீழ்மாடி மேல்மாடி எல்லாம் இழுத்துக்கொண்டு திரிஞ்சு, பின்னேரம் வீட்டை வர அவன்ர அம்மம்மா "என்னப்பு பாத்தனி" எண்டு கேக்க, அவன் சொன்னது முன்வளவில நிக்கிற பெரிய ஆலமரத்தில ஒரு அணில் மற்ற அணிலைக் கலைச்ச கதை மட்டும்தான். எனக்கு வந்த ஆத்திரம்! பிறகு யோசிச்சுப் பாத்தா அவனில ஒரு பிழையும் இல்லை, அண்டைக்கு அவன் ஆறுதலா நிண்டு பாத்தது அந்த அணிலை மட்டும்தான், மிச்சம் ஒண்டுக்கு முன்னாலயும் நான் அவனை நிக்க விடேல்ல.

அதுக்குப் பிறகு எங்கட வீட்டில ஒரு சட்டம். ஒருக்காப் போனா ஒரு சாமான், கூடிப்போனா ரெண்டு. மிச்சம் கண்ணில பட்டாப் படட்டும்.

முதல் முறைக்கு கண்டி ராசாவின்ர சிம்மாசனம். ஆனா கதை மியூசியத்துக்குள்ள தொடங்கக்கூடாது, பஸ்ஸில தொடங்கவேணும், ஓட்டோவில போறதெண்டா ஓட்டோவில. கண்டியில ஒரு ராசா, பேர் இரண்டாம் விமலதர்மசூரியன், அவருக்கு ஒல்லாந்தர் 1693இல ஒரு கதிரை குடுத்தவை, மரத்தில செய்து மேல பொன் தகடு அடிச்சு கல்லுப் பதிச்ச கதிரை, கை வைக்கிற ரெண்டு பக்கமும் ரெண்டு சிங்கம். அவருக்குப் பிறகு வந்த ராசாமாருக்கும் அதுதான் சிம்மாசனம். கடைசி ராசா ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன், வீட்டில வச்ச பேர் கண்ணுசாமி, மதுரை நாயக்கர் வழி, தமிழ் தெரிஞ்ச ஆள் (இந்த இடத்தில என்ர மகள் "அப்ப அவர் எங்களைப்போல கதைப்பாரோ" எண்டு கேட்டு பஸ்ஸில முன்னால இருந்த ஒரு ஐயா திரும்பிப் பாத்துச் சிரிச்சவர்). 1815இல வெள்ளைக்காரன் கண்டியைப் பிடிச்சு ராசாவை வேலூருக்கு அனுப்பினான், கதிரையை இங்கிலாந்துக்கு அனுப்பினான். ராசா 1832இல வேலூரிலயே செத்துப்போனார். கதிரை மட்டும் 1934இல திரும்பி வந்தது. "ராசா வரேல்ல, கதிரை வந்தது" எண்டதோட கதையை நிப்பாட்டிப்போட்டு உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. "உடைஞ்ச சிலை" எண்டு சொன்ன அதே பெடியன் கண்ணாடியில மூக்கை வச்சுக்கொண்டு நிப்பான், சிங்கத்தின்ர கண்ணில என்ன கல்லு எண்டு கேப்பான், கதிரைக்கு முன்னால கால் வைக்கிற பலகை இருக்கோ எண்டு பாப்பான். ஒரு கொப்பியும் பென்சிலும் குடுங்கோ, கீறட்டும். சிங்கம் பூனை மாதிரி வந்தாலும் பரவாயில்லை.

அந்தக் கதிரையைக் குடுத்த காலத்தில இங்க ஒல்லாந்தக் கவர்னரா இருந்தவர் தோமஸ் வான் ரே. அவற்றை வீடு இப்பவும் புறக்கோட்டையில நிக்குது. அதைப் பிள்ளையளுக்கு இப்ப சொல்லாதேங்கோ, இன்னொரு நாளைக்கு வேணும், கீழ ஒரு ஐயாவுக்கு எழுதியிருக்கிறன் பாருங்கோ.

ரெண்டாவது முறைக்கு ஒரு கல்லு. காலி மும்மொழிக் கல்வெட்டு எண்டு கேள்விப்பட்டிருப்பியள். 1911இல காலியில ஒரு எஞ்சினியர் கண்ணில பட்டது, எங்க கிடந்தது தெரியுமோ, மதகுக்கு மேல மூடியாக் கவுட்டுப் போட்டிருந்தது, எத்தினை வண்டில் அதுக்கு மேலால போயிருக்கும். சீனக் கப்பல் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல்லு, 1409ஆம் ஆண்டு போட்டிருக்கு, சீனம், தமிழ், பாரசீகம் எண்டு மூண்டு பாஷை. சீனத்தில புத்தருக்கு, தமிழில தெவுந்தறையில இருந்த தேனாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில அல்லாவுக்கு, பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, எண்ணெய் எண்டு காணிக்கைக் கணக்கு. பிள்ளையளுக்கு ஒரே ஒரு வேலை குடுங்கோ, தமிழ் எந்தப் பக்கம் எண்டு கண்டுபிடிக்கச் சொல்லுங்கோ. என்ர மகன் கால் மணித்தியாலம் பாத்து ஒரு எழுத்தைக் காட்டி "இது க" எண்டான், சரியோ பிழையோ எனக்கும் தெரியேல்ல, ஆனா 600 வருசத்துக்கு முந்தின கல்லில தன்ர எழுத்தைப் பிடிச்சிட்டன் எண்டு அண்டைக்கு முழுக்க ஒரே பெருமை.

நேரம் முக்கால் மணித்தியாலம், அதுக்கு மேல வேண்டாம். காலமை 9 மணிக்குத் திறக்கேக்கயே போனா வெக்கையும் இல்லை சனமும் குறைவு. முடிஞ்சோண்ண அப்பிடியே விகாரமகாதேவி பூங்காவுக்குள்ள அவிழ்த்து விடுங்கோ, ஓடி முடிய ரோல்ஸும் நெக்டோவும். உங்கட ஆளுக்கு போர்டு வாசிக்க ஆசையெண்டா தனியா ஒரு நாள் போகட்டும், பாவம், அவருக்கும் ஆசை இருக்கும்தானே.

கேள்வி: அக்கா நான் தரம் 5. எங்கட வகுப்பில ஒருத்தன் மியூசியத்தில ராவில பேய் வரும் எண்டு சொல்லுறான். உண்மையா?
ஒரு தங்கச்சி, பம்பலப்பிட்டி

பதில்: ராவில நான் அங்க நிண்டதில்லை தங்கச்சி, ஆனா பகலிலயே அங்க ஒரு பேய் இருக்கிறா. நஷனல் மியூசியத்தில பொலநறுவைச் சிவன் கோயில் இடிபாட்டுக்குள்ள இருந்து எடுத்த வெண்கலச் சிலையள் இருக்கு, நடராசர், சுந்தரர் எல்லாம் வடிவா நிப்பினம், அவைக்குள்ள எலும்பும் தோலுமா, கையில தாளத்தோட ஒரு ஆச்சி இருப்பா. அவதான் காரைக்கால் அம்மையார். வடிவான ஆள், தனக்கு இந்த வடிவு வேண்டாம், பேய் உருவம் தா எண்டு சிவனிட்டத் தானே கேட்டு வாங்கினவ. தன்ர பாட்டில தன்னைப் "பேய்" எண்டு தானே சொல்லுவா. ஏன் அப்பிடிக் கேட்டவ எண்டு அம்மம்மாவிட்டக் கேள், ஒரு மாம்பழக் கதை வரும், நல்ல கதை, நான் இங்க சொல்லி அம்மம்மாவின்ர வேலையைப் பறிக்க விரும்பேல்ல.

பேய் காணாதெண்டா முகமூடியளையும் பார். சிங்கள ஊருகளில வருத்தம் வந்தா அந்த வருத்தத்தைக் கொண்டுவந்த சன்னிப் பேயைக் கலைக்க முகமூடி போட்டு ஆடுவினம், மொத்தம் 18 சன்னி, ஒவ்வொரு வருத்தத்துக்கும் ஒவ்வொரு முகம். உன்ர வகுப்புப் பெடியனையும் கூட்டிக்கொண்டு போ, ஆர் முதல் பயப்பிடுறது எண்டு பாப்பம்.

கேள்வி: அக்கா, எங்கட வாப்பா எப்பவும் சொல்லுவார், கொழும்பு மியூசியத்தக் கட்டினது நம்மட ஆள்தான், அதனாலதான் அந்தக் காலத்துல வெள்ளிக்கிழமைல பூட்டி வெச்சாங்க எண்டு. மகன் ஸ்கூல்ல போய்ச் சொன்னா புள்ளைகள் சிரிக்காங்களாம். இது உண்மையா, சும்மா கதையா?
ஒரு வாசகர், தெமட்டகொட

பதில்: வாப்பா சொன்னது சரி. படம் கீறினது ஜேம்ஸ் ஸ்மித்தர் எண்ட வெள்ளைக்கார ஆர்கிடெக்ட், காசு ஒதுக்கி நிண்டது கவர்னர் வில்லியம் கிரகரி (வாசலில சிலையா நிக்கிறவர்), ஆனா கல்லுக்கு மேல கல்லு வச்சுக் கட்டி எழுப்பினது அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். பிற்காலத்தில செனட்டரா இருந்த சேர் ராசிக் பரீத் அவற்றை பேரன். 1877 ஜனவரி 1ஆம் தேதி மியூசியம் திறந்தது. கவர்னர் சந்தோசத்தில "உமக்கு என்ன வேணும்" எண்டு கேக்க, மரிக்கார் தனக்கெண்டு ஒண்டும் கேளாமல் "ஜும்ஆ நாளில பூட்டி வையுங்கோ" எண்டு மட்டும் கேட்டவர் எண்டதுதான் பரம்பரையாச் சொல்லிவாற கதை. கவர்னரும் அவரும் கதைக்கேக்க பக்கத்தில நிண்டு கேட்ட ஆக்கள் இப்ப இல்லை, ஆனா கனகாலம் வெள்ளிக்கிழமை பூட்டித்தான் இருந்தது. மகனிட்ட இதை அப்பிடியே சொல்லுங்கோ, எது நடந்தது, எது சொல்லி வாறது எண்டு பிரிச்சுச் சொல்லப் பழகினா ஸ்கூலில ஒருத்தரும் சிரிக்க ஏலாது.

அதோட விடாதேங்கோ. அந்த வெள்ளை மாளிகைக்கு முன்னால மகனை நிப்பாட்டி நல்லாப் பாக்கச் சொல்லுங்கோ, பிறகு வேறொரு நாள் புறக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு வந்து பழைய டவுன் ஹோலுக்கு முன்னால நிப்பாட்டுங்கோ. 1873இல அத்திவாரம் போட்ட கட்டிடம், அதுவும் ஸ்மித்தர் கீறி மரிக்கார் கட்டினதுதான். மகன் தானாக் கண்டுபிடிக்கிறானோ எண்டு கொஞ்சம் பொறுத்துப் பாருங்கோ, வளைவு யன்னலைப் பாத்தா ஒரு சாடை தெரியும்.

உள்ளுக்கு மேல்மாடிக்கு ஏறினா, சொல்லுறன், முதல் தரம் போற எல்லாரும் ஒருக்கா திடுக்கிடுவினம். நீட்டு மேசையைச் சுத்தி கோட்டுப் போட்ட ஆக்கள் இருந்து கூட்டம் வைக்கினம். ஆள் இல்லை, உருவங்கள், அந்தக்கால மாநகரசபைக் கூட்டம். என்ர மகள் படியிலயே நிண்டு "அம்மா, மீட்டிங் நடக்குது, பிறகு வருவம்" எண்டு காதுக்குள்ள சொன்னவள். கீழ பக்கத்து மண்டபத்தில பழைய ரோட்டுப் போடுற நீராவி ரோலர், கல்லச்சு மாதிரி மிசின்கள், பழைய ரோட்டுப் பேர்ப் பலகையள், எல்லாம் தூசியும் கிறீஸுமா நிக்குது. பெடியளுக்கு அதுதான் சொர்க்கம். வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு போகாதேங்கோ.

வெளியில வந்தா கேமன் கேட். ஏன் அந்தப் பேர் எண்டு கேளுங்கோ. ஒல்லாந்தர் கோட்டையைச் சுத்தியிருந்த தண்ணியில முதலை விட்டிருந்தவையாம், அவையின்ர பாஷையில கைமன் எண்டா முதலை. முதலை நிண்ட இடத்தில இப்ப நடைபாதைக் கடைக்காரர் பனியன் விக்கினம். அங்க தொங்குற மணி கோட்டே பக்கத்துப் பழைய போர்த்துக்கீசக் கோயிலில இருந்து வந்தது. அப்பிடியே நடந்து ரெண்டாம் குறுக்குத் தெரு சிவப்புப் பள்ளியையும் காட்டிப்போட்டு வந்தா ஒரு காலமை சரி.

கேள்வி: மேடம், நான் அட்டன் பக்கம் ஒரு தோட்ட ஸ்கூல்ல படிச்சுக் குடுக்குறேன். 40 புள்ளைங்கள கொழும்புக்கு ட்ரிப் கூட்டிட்டு வரப் போறோம். விடியக்காலம் 3 மணிக்கு பஸ் எடுத்தா அன்னைக்கு ராத்திரியே திரும்பணும். மியூசியம், மிருகக்காட்சிசாலை, ஹார்பர், ஏர்போர்ட், தாமரைக் கோபுரம், காலிமுகம் எல்லாம் பாக்கணும்னு பேரன்ட்ஸ் லிஸ்ட் குடுத்துருக்காங்க. முடியுமா?
ஒரு ஆசிரியை, அட்டன்

பதில்: முடியும் டீச்சர், பஸ் யன்னலால எட்டிப் பாக்கிறதெண்டா.

பகிடிக்குச் சொல்லேல்ல, உண்மையா அந்த லிஸ்டில தாமரைக் கோபுரத்தை அப்பிடித்தான் பாக்கவேணும், 350 மீட்டர் உயரம், கொழும்புக்குள்ள எந்தப் பக்கத்தால வந்தாலும் தெரியும், ஏற வேண்டாம், 40 டிக்கெட் காசு மிச்சம். ஏர்போர்ட்டை அடியோட வெட்டுங்கோ. மிருகக்காட்சிசாலை தனி நாள் வேலை. மிச்ச நேரத்தை கொழும்பு 7க்குள்ள வையுங்கோ, அங்க நஷனல் மியூசியமும் இயற்கை வரலாற்று மியூசியமும் பக்கத்தில பக்கத்தில, ஒரு ரோட்டைக் கடக்கிற கரைச்சலும் இல்லை. மலையில வளந்த பிள்ளையள், கடலே காணாத பிள்ளையளும் இருக்குங்கள், அதுகளை இயற்கை வரலாற்றுப் பக்கம் திமிங்கில எலும்புக்கூட்டுக்கு முன்னால நிப்பாட்டி, இதுக்குள்ள எங்கட வகுப்பறை அடங்குமோ எண்டு காலடியால அளக்கச் சொல்லுங்கோ, பின்னேரம் காலிமுகத்தில கடலைப் பாக்கேக்க அந்தத் தண்ணி அதுகளுக்கு வேற மாதிரித் தெரியும்.

40 பேரையும் ஒரே வரிசையில கொண்டுபோனா முன்னுக்கு நிக்கிற 6 பேர்தான் பாப்பினம், மிச்சம் முன்னால நிக்கிறவையின்ர முதுகைப் பாக்கும். எட்டுப் பேர் படி அஞ்சு கூட்டம் பிரியுங்கோ. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரே ஒரு சாமான், சிம்மாசனம் ஒரு கூட்டம், காலிக் கல்லு ஒரு கூட்டம், முகமூடி, நடராசர், திமிங்கிலம். தங்கட சாமானை மட்டும் நல்லாப் பாத்து, கீறி, அங்க நிக்கிற ஆக்களிட்டக் கேட்டு எழுதிக்கொண்டு வரவேணும். திரும்பிப் போகேக்க அவிசாவளை தாண்டி வளைவு தொடங்க முதல் ஒவ்வொரு கூட்டமா பஸ்ஸில எழும்பி மற்றவைக்குச் சொல்லட்டும். வளைவு தொடங்கினா ஒருத்தரும் கதைக்காயினம், உங்களுக்குத் தெரியும்தானே, தேசிக்காய் கைவசம் வையுங்கோ.

கோளரங்கமும் அங்க கிட்டத்தான், 1965இல கட்டினது, வெளியில இருந்து பாத்தாலே பிள்ளையளுக்கு ஒரு அதிசயம். தமிழில காட்சி எந்த நாள், எத்தினை மணிக்கு எண்டு முதலே கேட்டு எழுதி வாங்குங்கோ, இல்லாட்டி இருட்டுக்குள்ள சிங்களத்தில நட்சத்திரம் பாத்துக்கொண்டு பாதிப் பேர் நித்திரையாயிடும். அதிபரின்ர கடிதம் முன்கூட்டியே அனுப்பினா பாடசாலைப் பிள்ளையளுக்கு டிக்கெட்டில சலுகை கேக்கலாம்.

பாஷையைப் பற்றி ஒண்டு சொல்லத்தான் வேணும். தமிழ் போர்டு இருக்கு, ஆனா அதை மட்டும் நம்பாதேங்கோ. ஒரு இடத்தில, பேர் வேண்டாம், "கற்கால மனிதன்" எண்டு இருக்கவேண்டிய இடத்தில "தற்கால மனிதன்" எண்டு அடிச்சிருந்தது, பக்கத்தில கோவணத்தோட ஒரு உருவம். என்ர பிள்ளையள் தகப்பனையும் அந்தப் போர்டையும் மாறி மாறிப் பாத்துச் சிரிச்ச சிரிப்பில நாங்கள் வெளியில வரவேண்டியதாப் போச்சு. நான் போய்ச் சொன்னனான், ஒருத்தர் கொப்பியில எழுதினவர், அடுத்த வருசமும் தற்கால மனிதன் அங்கதான் நிண்டவர்.

இன்னொண்டு டீச்சர். கொழும்பு ட்ரிப் முடிஞ்சு இன்னொரு தவணையில கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்துக்கும் ஒருக்கா கூட்டிக்கொண்டு போங்கோ. பழைய லயத்தையே தேயிலைத் தொழிலாளர் மியூசியமா ஆக்கியிருக்கினம். ராசாவின்ர கதிரையைப் பாத்த பிள்ளையள் தங்கட அப்பாயி கொழுந்து பறிச்ச கூடையையும் ஒரு மியூசியத்தில பாக்கட்டும்.

கேள்வி: தங்கச்சி, எனக்கு வயசு 71. கனடாவில இருந்து பேரப்பிள்ளையள் ரெண்டு வந்திருக்கு, 8 வயசும் 11 வயசும். தமிழ் விளங்கும், கதைக்க வெக்கம். நாள் முழுக்க ஐபேட். என்ர முழங்காலும் சரியில்லை, கனதூரம் நடக்க ஏலாது. கிட்டவா ஒரு இடம் சொல்லும்.
ஒரு அப்பப்பா, கொட்டாஞ்சேனை

பதில்: ஐயா, உங்களுக்குக் கிட்ட இருக்கிறதுதான் எனக்கு எல்லாத்திலயும் விருப்பமான இடம், புறக்கோட்டை பிரின்ஸ் ஸ்ட்ரீட்டில ஒல்லாந்தர் மியூசியம். மேல சொன்ன தோமஸ் வான் ரேயின்ர வீடு. 17ஆம் நூற்றாண்டுக் கட்டிடம், மொத்தச் சுவர், நடுவில முற்றம், வெளியில லொறி ஹோர்ன் அடிச்சாலும் உள்ளுக்கு ஒரு அமைதி. கவர்னர் போனாப் பிறகு செமினரி, ஆஸ்பத்திரி, பொலிஸ் ட்ரெயினிங், தபால் கந்தோர் எண்டு எல்லா வேசமும் போட்டு, 1982இல மியூசியம் ஆச்சுது. திருத்த வேலை எண்டு இடைக்கிடை பூட்டுவினம், போக முதல் ஒருக்கா விசாரிச்சிட்டுப் போங்கோ.

அங்க இருக்கிறது பெரும்பாலும் தளபாடம், பீங்கான், காசு, துவக்கு. அதுகளைச் சும்மா காட்டினா ஐபேட்டைத்தான் தேடுவினம். ஒரு விளையாட்டுச் சொல்லுறன். நாங்கள் கதைக்கிற தமிழுக்குள்ள ஒல்லாந்தன் விட்டுட்டுப் போன சொல்லும் பறங்கி விட்டுட்டுப் போன சொல்லும் எத்தினை இருக்கு பாருங்கோ. லாச்சி, கந்தோர், துட்டு எல்லாம் ஒல்லாந்தின்ர. அலுமாரி, கதிரை, யன்னல், சப்பாத்து, குசினி போர்த்துக்கீசின்ர. பிள்ளையளுக்கு இந்தச் சொல்லுகளைப் பேப்பரில எழுதிக் குடுங்கோ, உள்ளுக்குப் போய் ஒவ்வொண்டாத் தேடிக் கண்டுபிடிச்சு உரத்துத் தமிழில சொல்லவேணும், ஒரு சொல்லுக்கு ஒரு புள்ளி. அலுமாரியைத் திறக்க விடமாட்டினம், லாச்சியைக் காட்டினாக் காணும். கடைசியா ஒரு சொல்லு வச்சிருங்கோ, கக்கூஸ். அதுவும் ஒல்லாந்துச் சொல்லுத்தான். என்ர தங்கச்சியின்ர பிள்ளை டொரொன்டோவில இருந்து வந்து மூண்டு கிழமை வாயே திறக்காமல் இருந்தவன், அந்த முற்றத்தில நிண்டு "கக்கூஸ்! கக்கூஸ்!" எண்டு கத்தின கத்தில காவலாளி ஓடிவந்து பின்பக்கம் கையைக் காட்டினார். அண்டையில இருந்து அவன் தமிழ் கதைக்கிறான், முதல் சொல்லு எதெண்டு மட்டும் அவையின்ர வீட்டில சொல்லேல்ல.

முழங்கால் விட்டுதெண்டா அண்டைக்கே இல்லாட்டி அடுத்த நாள் ஒரு ஓட்டோ பிடிச்சு கோட்டை சதாம் வீதிக்குப் போங்கோ. சென்ட்ரல் பொயின்ட் எண்ட கட்டிடத்தில மத்திய வங்கியின்ர மியூசியம், 2013இல திறந்தது. பெரிய தூண், உள்ளுக்கு மேல இருந்து தொங்குற பெரிய சரவிளக்கு, பிள்ளையள் அண்ணாந்து பாக்கட்டும், நீங்கள் ஆறுதலா இருங்கோ. பண்டமாற்றுக் காலத்தில இருந்து எங்கட காசின்ர கதை முழுக்க அங்க இருக்கு. முதல் நாள் சொன்ன துட்டை அங்க தேடச் சொல்லுங்கோ. எங்கட யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி அடிச்ச சேது காசைப் பற்றியும் சொல்லுங்கோ, நந்தி படுத்திருக்கும், கீழ தமிழில "சேது" எண்டு இருக்கும், ரெண்டே ரெண்டு எழுத்து, கனடாப் பிள்ளையளுக்கும் வாசிக்க ஏலும்.

டிக்கெட்டில ஒரு கவனம். நஷனல் மியூசியம் மாதிரி இடங்களில உள்ளூருக்கு ஒரு விலை, வெளிநாட்டுக்கு வேற விலை. பிள்ளையள் கனடாப் பாஸ்போர்ட்டெண்டா கேட்டதைக் குடுங்கோ ஐயா, கவுண்டரில நிண்டு "இவங்கள் கொட்டாஞ்சேனைதான்" எண்டு சொல்ல, பின்னால இருந்து பேரன் இங்கிலீசில "ஆர் வீ?" எண்டு கேட்டா மானம் போயிடும்.

கேள்வி: அக்கா, மகளுக்கு 14. எங்க கூப்பிட்டாலும் "போர்" எண்ட ஒரு சொல்லுத்தான். மியூசியம் எண்டா சிரிக்கிறாள். இந்த வயசுக்கு என்ன செய்யிறது?
ஒரு தாய், தெஹிவளை

பதில்: அந்த வயசுப் பிள்ளைக்குக் கதை சொல்லக்கூடாது, சண்டை பிடிக்க ஒரு விசயம் குடுக்கவேணும்.

திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில ஒரு கரையோரத்தில கண்டெடுத்த தாரா தேவி சிலை, வெண்கலத்தில செய்து பொன் பூசினது, ஒரு ஆள் உயரத்தில முக்கால்வாசி, 8ஆம் நூற்றாண்டு எண்டு சொல்லுவினம். கண்டியைப் பிடிச்ச அதே கவர்னர் பிரவுன்ரிக் அதைக் கொண்டுபோய் 1830இல லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் குடுத்திட்டார். கொழும்பில இருக்கிறது நகல். சிம்மாசனம் திரும்பி வந்தது, தாரா வரேல்ல. ஏன்? திருப்பிக் கேக்கலாமோ? கேட்டா எங்க வைக்கிறது, கொழும்பிலயோ, கிடைச்ச இடத்தில கிழக்கிலயோ? இதைச் சாப்பாட்டு மேசையில போட்டுவிட்டுட்டு நீங்கள் எதிர்ப்பக்கம் கதையுங்கோ. என்ர மகள் ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்ல, மூண்டாம் நாள் தானே "அந்த நகலைப் பாக்கவேணும்" எண்டாள்.

மியூசியத்துப் பக்கத்து ரோட்டுப் பேரையும் வாசிக்கச் சொல்லுங்கோ, ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. மியூசியம் திறந்த அதே 1877இல கொழும்பில பிறந்தவர், சேர் முத்துக்குமாரசுவாமியின்ர மகன், கல்லையும் மண்ணையும் ஆராய வந்து கலைக்குள்ள விழுந்து, கடைசியில அமெரிக்காவில பொஸ்டன் மியூசியத்தில முப்பது வருசம் மட்டில இருந்தவர். மியூசியத்தில வேலை செய்யிறதும் ஒரு வாழ்க்கைதான் எண்டு டொக்டர், எஞ்சினியர் மட்டும் கேட்டு வளர்ற பிள்ளைக்கு ஒருக்கா தெரியட்டும்.

பழசே வேண்டாம் எண்டா கொள்ளுப்பிட்டி கிறெஸ்கட்டுக்குள்ள நவீன சமகாலக் கலை மியூசியம், 2019இல தொடங்கினது, மோலுக்குள்ள எண்டபடியால் கௌரவக் குறைச்சல் இல்லை. மூண்டு பாஷையிலயும் எழுதியிருப்பினம், தமிழ் தமிழாவே இருக்கும். "இதை நானும் கீறுவன்" எண்டு சொல்லுவாள். கீறச் சொல்லுங்கோ.

கேள்வி: லீவு நாள்தானே எண்டு போயாவுக்கு ஒரு மியூசியத்துக்குப் போனம், பூட்டு. இதுக்கு என்ன செய்யிறது?
ஒரு வாசகர், மட்டக்குளி

பதில்: கலண்டர் பாக்கிறது. அரசாங்க மியூசியம் எண்டா அரசாங்க லீவில பூட்டத்தான் பாக்கும், முதல் நாள் ஒரு கோல் எடுங்கோ. தபால் மியூசியம் மாதிரி கந்தோருக்குள்ள இருக்கிறதுக்கு வேலை நாளில போறதுதான் நல்லது, டி. ஆர். விஜேவர்தன மாவத்தைத் தலைமைத் தபால் கந்தோரில இருக்கு. 1857இல வந்த எங்கட முதல் முத்திரையின்ர கதையை அங்க வச்சுச் சொல்லுங்கோ, விக்டோரியா ராணியின்ர தலை, ஆறு பென்ஸ்.

கேள்வி: அக்கா, மூண்டு பிள்ளையள், இவருக்கு நாள்கூலி. பஸ்ஸுக்கும் டிக்கெட்டுக்கும் சாப்பாட்டுக்கும் கணக்குப் பாத்தா இந்த மாசம் ஏலாது. வீட்டில ஏதும் செய்யலாமோ?
ஒரு அம்மா, வத்தளை

பதில்: செய்யலாம், நாங்கள் கொரோனா லொக்டவுன் நேரம் செய்தது. வீட்டில இருந்த பழைய சாமான் எல்லாத்தையும் பிள்ளையள் தேடி எடுத்து மேசையில அடுக்கி, ஒவ்வொண்டுக்கும் ஒரு சின்ன மட்டை எழுதி, முன்கதவில "வீட்டு மியூசியம்" எண்டு ஒட்டினவை. இவற்றை தகப்பன்ர மூக்குக்கண்ணாடி, ஓரம் வளைஞ்சு வளைஞ்சிருக்கிற பழைய ரெண்டு சதக் குத்தி, அம்மாவின்ர கூப்பன் காட், தேங்காய் துருவுற பழைய திருவலை. அதோட ஒரு ஜாம் போத்தல் விளக்கு. யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லாமல் மண்ணெண்ணெய்யும் கிடையாமல் இருந்த காலம், போத்தலுக்குள்ள பஞ்சை வச்சு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அந்த வெளிச்சத்தில ஓ லெவல் படிச்சது நான். அதை எப்பிடி எரிச்சது எண்டு பிள்ளையள் அண்டைக்குத்தான் கேட்டவை, இருட்டினாப் பிறகு கொழுத்திக் காட்டினன், ஃபானை நிப்பாட்டிப்போட்டு மூண்டு பேரும் சுத்தியிருந்து பாத்தம், மகள் தன்ர கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்து ரெண்டு வரி வாசிச்சுப் பாத்திட்டு கண் எரியுது எண்டாள். டிக்கெட் ரெண்டு ரூபா, அம்மம்மாவுக்கும் கழிவு இல்லை. விளக்குக்கு மகள் எழுதின மட்டை இப்பவும் என்ர அலுமாரி லாச்சிக்குள்ள கிடக்கு: "தொடவேண்டாம். அம்மாவின் விளக்கு. வயது தெரியாது, அம்மாவிடம் கேட்டால் கோபிப்பா."